மண்டு குரைத்த இடம்

எங்கள் அக்காவுக்குப் பயம் என்பது பசி மாதிரி, வேளாவேளைக்கு வந்துவிடும். லிஃப்டில் ஏற மாட்டாள். குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட மாட்டாள். வெளியே நாற்காலி போட்டு யாரையாவது காவல் வைத்துவிட்டுத்தான் குளிப்பாள். சின்ன வயதில் என் பள்ளிப் பாடத்தில் பாதியை அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் படித்தேன். அவளுக்குக் கல்யாணமான பிறகு அந்தப் பதவி மாமாவுக்குப் போனது. இப்படிப்பட்ட ஒருத்தி இடிந்து விழுந்த கட்டடங்களுக்குள் நாயை விட்டு, உயிரோடு இருக்கிற ஆளைத் தேடுகிற வேலை பார்த்தாள் என்று சொன்னால், கேட்கிறவர்கள் என்னைத்தான் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள்.

அவள் ஒன்றும் ஆசைப்பட்டுப் போகவில்லை. தீயணைப்பு நிலையத்தில் தொலைபேசி எடுக்கிற வேலையில் இருந்தாள். மீட்புப் பணிக்கு நாய்ப் பிரிவு ஒன்று தொடங்கப்போகிறோம், யார் வருகிறீர்கள் என்று மேலதிகாரி கேட்ட அன்று ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அக்கா அந்த நேரம் பார்த்து டீ குடிக்கக் கீழே போயிருந்தாள். திரும்பி வருவதற்குள் அவள் தலையில் கட்டிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து ஒரு மூச்சு அழுதாள். மாமா மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், அதிகம் பேச மாட்டார். நாய்தானே, கடித்தால் ஊசி போட்டுக்கொள்ளலாம் என்றார். அவருக்குத் தெரிந்த ஆறுதல் அவ்வளவுதான்.

வந்தது ஒரு பழுப்பு நிறக் குட்டி. சோற்றுத் தட்டு மூக்குக்கு நேரே இருக்கும். அது வீடு முழுக்கத் தட்டைத் தேடிக்கொண்டு அலையும். மாமா பார்த்துவிட்டு, சரியான மண்டு என்றார். அதுவே பெயராகிவிட்டது. பிரிவில் ஏதோ ராஜா வீட்டுப் பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பெயரைச் சொன்னால் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டு நிற்கும். ஆனால் மண்டுத்தனமெல்லாம் சோற்றோடு சரி. விளையாட்டுச் சாமானை எங்கேயாவது ஒளித்துவைத்துவிட்டால், அலமாரியைப் புரட்டிப் போட்டாவது எடுக்காமல் விடாது. அந்தப் பிடிவாதத்துக்காகத்தான் அதைப் பிரிவில் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

நான் அந்தப் பிரிவில் வேன் ஓட்டுநர். வண்டி ஓட்டுவது பாதி வேலை, ஒளிந்துகொள்வது மீதி வேலை. இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். உயிரைக் காப்பாற்றுவது, சேவை செய்வது என்பதெல்லாம் நமக்குத்தான். நாய்க்கு எல்லாமே விளையாட்டு. இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்ட தடித்த கயிறு ஒன்று உண்டு. அதை எடுத்துக்கொண்டு நான் ஒரு பீப்பாய்க்குள்ளோ உடைந்த சிமென்ட் குழாய்க்குள்ளோ போய்ப் படுத்துக்கொள்வேன். மண்டு மோப்பம் பிடித்து வரும். உள்ளே மூச்சு விடுகிற ஆள் இருப்பது தெரிந்ததும் குரைக்கும். நான் கயிற்றை வெளியே நீட்டுவேன். அது வெளியிலிருந்து இழுக்கும், நான் உள்ளேயிருந்து இழுப்பேன். அந்த இழுபறிதான் அதற்குக் கூலி. இதற்காகவே அது ஊர் ஊராக வந்து குப்பையையும் கல்லையும் கிளறியது. ஒவ்வொரு இடிபாட்டுக்குள்ளும் தன்னோடு கயிறு இழுக்க ஒருவர் காத்திருக்கிறார் என்பது அதன் நம்பிக்கை.

எனக்கும் பயம் ரத்தத்திலேயே உண்டு. குழாய்க்குள் போய், வாயை ஒரு பலகையால் மூடிவிட்டு எல்லோரும் போன பிறகு சொந்த மூச்சே யாரோ பக்கத்தில் மூச்சு விடுவது மாதிரிக் கேட்கும். ஆனால் நாய் வருகிறவரை வாயைத் திறக்கக் கூடாது, எவ்வளவு நேரமானாலும் வெளியே வரக் கூடாது. அதுதான் ஒளிகிறவனுக்கு விதி. அக்காவுக்கும் ஒரு விதி உண்டு. நான் எங்கே ஒளிந்திருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியவே கூடாது. தெரிந்தால் அவள் கால் தானாக அந்தப் பக்கம் இழுக்கும். நாய் மோப்பத்தை விட்டுவிட்டு அவள் காலைப் பார்த்துக் குரைக்கும். எங்கள் குழுத் தலைவர் ஒருவருக்கு மட்டும்தான் இடம் தெரியும். நாய் குரைத்ததும் அவர் கை தூக்குவார். சரியான இடம் என்று அர்த்தம்.

ஒளிந்து ஒளிந்தே எனக்கு வீட்டில் 'பீப்பாய்' என்று பெயர் வந்துவிட்டது. "பீப்பாய் மாப்பிள்ளைக்கு இன்னும் ரெண்டு கரண்டி வை" என்று மாமா சொல்வார். பெண் பார்க்கப் போன இடத்தில் என்ன வேலை என்று கேட்டார்கள். அரசாங்க வேலை, ஒளிந்துகொள்வது என்றேன். அந்தச் சம்பந்தம் அதோடு போயிற்று.

மண்டு நன்றாகத்தான் பேர் வாங்கியது. சரிந்த கிடங்கு ஒன்றில் மூட்டைகளுக்கு அடியில் கிடந்த காவலாளியைக் கண்டுபிடித்துக் கொடுத்தது. மண்சரிவில் ஒரு தாயையும் பிள்ளையையும் காட்டியது. ஒருமுறை இடிந்த தியேட்டருக்குள் நின்று விடாமல் குரைத்தது. நாங்கள் உயிரைப் பணயம் வைத்து இறங்கினால், குடித்துவிட்டு யாருக்கும் தெரியாமல் புகுந்து படுத்திருந்த ஆசாமி ஒருவன், தூக்கத்தைக் கெடுத்ததற்காக எங்களைத் திட்டினான். அன்றைக்கு மட்டும்தான் அக்கா வேலை இடத்தில் சிரித்து நான் பார்த்தேன்.

மற்ற நாளெல்லாம் பயம்தான். தன்மேல் கல் விழும் என்று அவள் பயந்ததில்லை. அதற்கெல்லாம் அவளுக்கு நேரமில்லை. ஒரு மழை நாளில் வேனில் போகும்போது அவள் பயத்தை வாய்விட்டுச் சொன்னாள்.

"டேய், அது வாயில்லாத ஜீவன். குலைக்க மட்டும்தான் தெரியும். அது குலைச்சும் நமக்குப் புரியாம திரும்பி வந்துட்டோம்னு வை. உள்ள இருக்கிறவங்க என்ன நினைப்பாங்க?"

வண்டி ஓட்டுகிறவனிடம் கேட்கிற கேள்வியா இது என்று எரிந்து விழுந்தேன். எனக்கும் அதே பயம்தான், அதை அவளிடம் காட்டிக்கொள்ளவில்லை.

பிறகு அந்த நிலநடுக்கம் வந்தது. எங்கள் ஊரில் இல்லை, வெகுதூரம் தள்ளி இருந்த ஒரு நகரத்தில். நாங்கள் போய்ச் சேரும்போதே தெரு என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. மாடிப்படி மட்டும் தனியாக நிற்கும், வீடு இருக்காது. சுவர் இல்லாத இரண்டாம் மாடியில் ஒரு கட்டிலும் அதன்மேல் மடித்துவைத்த போர்வையும் அப்படியே இருக்கும். பூமி அவ்வப்போது லேசாக உடம்பை உதறும். உடனே எல்லோரும் அப்படியே உறைந்து நிற்போம். ஒரு சின்னக் கல் உருண்டு அடங்கும்வரை யாரும் எச்சில்கூட விழுங்க மாட்டார்கள். நான் வேனில் படுத்தால் கதவைத் திறந்தே வைத்திருந்தேன்.

மண்டு தேடியது. ஒன்றும் கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாது, கிடைத்தார்கள், ஆனால் யாருக்கும் உயிரில்லை. உயிரில்லாத இடத்தில் அது குரைக்காது. வாலைத் தாழ்த்திக்கொண்டு அக்காவைப் பார்க்கும். அவள் அந்த இடத்தில் ஒரு குச்சியை நட்டுவிட்டு அடுத்த இடத்துக்குப் போவாள். நாளாக ஆக அது நடப்பதே மாறிவிட்டது. சோறு வைத்தால் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. கடைசியில் ஒரு காலை வேனுக்கு அடியில் போய்ப் படுத்தது, கூப்பிட்டும் வரவில்லை. அக்கா மண்ணில் குப்புறப் படுத்து, வேனுக்கு அடியில் தலையை விட்டு, அதோடு ஏதேதோ பேசினாள். அது கண்ணை மூடிக்கொண்டது.

இப்படி ஆனால் என்ன செய்வது என்பதற்கும் எங்கள் தொழிலில் ஒரு வழி உண்டு. நாய் தோற்றுக்கொண்டே இருந்தால் அதற்கு மனசு விட்டுப்போகும். பிறகு உண்மையாகவே ஆள் இருந்தாலும் குரைக்காது. அதனால் உயிரோடு இருக்கிற ஒருவரை ஒளித்துவைத்து அதை ஜெயிக்க வைப்போம். குரைத்ததும் கயிற்றைக் கொடுத்து, எல்லோரும் கைதட்டி, அந்தச் சந்தோஷம் ஆறுவதற்குள் அதை அங்கிருந்து கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும். அங்கேயே நின்று இழுத்தடித்தால் ஜெயித்த ருசி போய்விடும்.

ஒளிவதற்கு ஆள் யார், நான்தான். வேறு ஒரு குழு ஏற்கெனவே தேடிமுடித்து, யாரும் இல்லை என்று சுவரில் சிவப்பு வண்ணத்தில் குறி போட்டிருந்த ஒரு வீட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். கீழே தையல் கூடம், மேலே குடியிருப்பு. இரண்டும் ஒன்றாக அமுங்கிக் கிடந்தன. பின்பக்கமாகச் சுற்றிப் போய், கவிழ்ந்த மாடிப்படிக்கு அடியில் இருந்த பொந்துக்குள் நுழைந்தேன். தலைவர் தகரம் ஒன்றை இழுத்து வாயை மூடிவிட்டுப் போனார். சிமென்ட் தூசி தொண்டையைக் கரகரவென்று பிடித்தது. எங்கேயோ தண்ணீர் சொட்டியது. காலை நீட்டினால் ஏதோ மெத்தென்று பட்டது. பயத்தில் காலை இழுத்துக்கொண்டேன், துணிச் சுருள்தான். வெளிச்சம் ஒரு நூல் அளவுக்கு வந்தது. அதையே பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

கொஞ்ச நேரத்தில் மண்டு குரைத்தது. எத்தனை நாளாயிற்று அந்தச் சத்தத்தைக் கேட்டு. ஆனால் அது எனக்குப் பக்கத்தில் கேட்கவில்லை. கட்டடத்தின் முன்பக்கத்திலிருந்து வந்தது. கைதட்டல் கேட்டது. அக்காவின் குரல் கேட்டது, சொல் பிடிபடவில்லை. இதோ சுற்றிக்கொண்டு வந்துவிடும் என்று கயிற்றைத் தயாராகப் பிடித்துக்கொண்டேன். நாய் வரவில்லை. சத்தமெல்லாம் தள்ளிப் போய் அடங்கிவிட்டது.

விதி விதிதான். நாய் வரும்வரை வாயைத் திறக்கக் கூடாது. காத்திருந்தேன். பூமி ஒருமுறை உதறியது. தலைக்கு மேலே என்னவோ முனகியது. வேர்த்து ஊற்றியது. மறந்துவிட்டார்களோ என்று முதல் தடவையாகத் தோன்றியது. தோன்றிய பிறகு அதை நிறுத்த முடியவில்லை. அம்மா முகம், வேன் சாவி என் சட்டைப்பையில் இருப்பது, எல்லாம் மாறி மாறி வந்தன. இன்னும் எவ்வளவோ நேரம் கழித்து ஒரு இயந்திரம் உறுமியது. பொக்லைன். இடிபாட்டை அள்ளுகிற ராட்சசக் கை. அது இந்த வீட்டுப் பக்கம்தான் வந்தது. அதற்குமேல் விதியாவது மண்ணாவது. தகரத்தை உதைத்துத் தள்ளிவிட்டு, கை முட்டியெல்லாம் சிராய்க்க, கத்திக்கொண்டே வெளியே வந்தேன்.

எல்லோரும் சாப்பிட்டுவிட்டு வந்து நின்றுகொண்டிருந்தார்கள். அக்கா கையில் எனக்காக ஒரு பொட்டலம். எனக்கு வந்த ஆத்திரத்தில் வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். உயிரோடு புதைக்கப் பார்த்தீர்களா, உங்களுக்கெல்லாம் மனசாட்சி இருக்கிறதா என்று கேட்டேன். அக்கா ஒன்றும் புரியாமல் பார்த்தாள்.

"நீ வேன்ல போய்த் தூங்கிட்டேன்னு நினைச்சோம்டா. மண்டுதான் உன்னை அப்பவே கண்டுபிடிச்சிருச்சே?"

"என்கிட்ட எங்க வந்துச்சு? நான் பின்னாடி மாடிப்படிக்கு அடியிலதானே கெடந்தேன்!"

அக்காவின் கையிலிருந்த பொட்டலம் கீழே விழுந்தது. நடந்தது இதுதான். நாய் முன்பக்கம் ஒரு குறுகலான இடுக்கில் நின்று குரைத்திருக்கிறது. சரியா என்று கை தூக்க வேண்டிய தலைவரை அந்த நேரத்தில், இடிபாடு அகற்றும் வேலையைக் கவனித்த இன்ஜினியர் தெருமுனைக்கு அழைத்துப் போயிருந்தார். அக்காவுக்கு என் இடம் தெரியாது, தெரியவும் கூடாது. நாய் இவ்வளவு உறுதியாகக் குரைத்தால் உள்ளே இருப்பது தம்பிதான் என்று நினைத்துவிட்டாள். இடுக்குக் குறுகல் என்பதால், என்னால் கயிறு நீட்ட முடியாது என்று தன்னிடம் இருந்த இன்னொரு கயிற்றை அவளே கொடுத்திருக்கிறாள். இடுக்கைப் பார்த்து, "போதும்டா, வெளிய வா" என்று கூப்பிட்டுவிட்டு, நாயைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டாள். அது அவள் தோளுக்கு மேலாகத் திரும்பித் திரும்பிப் பார்த்ததாம். இன்னும் விளையாட ஆசை போலிருக்கிறது என்று நினைத்தார்களாம். திரும்பி வந்த தலைவரிடமும் நாய் கண்டுபிடித்துவிட்டது என்று மட்டும்தான் சொன்னார்களாம், எந்த இடத்தில் என்று சொல்லவில்லை.

அப்படியானால் உள்ளே யார்?

பொக்லைனை நிறுத்தச் சொல்லிவிட்டு மண்டுவை மறுபடி அதே இடுக்குக்குக் கூட்டிப்போனார்கள். அது குரைக்கவில்லை. குரைத்தாகிவிட்டது, கூலியும் வாங்கியாகிவிட்டது. அதன் கணக்கில் அந்த ஆட்டம் முடிந்துபோயிற்று. கயிற்றை வாயில் கவ்விக்கொண்டு எங்களையெல்லாம் சந்தோஷமாகப் பார்த்தது. இன்ஜினியர் பொறுமை இழந்தார். ஏற்கெனவே தேடிக் குறி போட்ட வீடு, சுவர் எந்த நேரமும் சரியும் நிலை, அடுத்த தெருவில் வேலை காத்துக்கிடக்கிறது, குரைக்காத நாயை நம்பி எத்தனை நேரம் நிற்பது என்றார். அவர் சொன்னதில் தப்பும் இல்லை. லிஃப்டில் ஏறாத எங்கள் அக்கா, அந்த இடுக்குக்குள் தோள்வரை கையை விட்டு, கன்னத்தைக் கல்லில் அழுத்திக்கொண்டு, யாராவது இருக்கிறீர்களா என்று கத்தினாள். ஒன்றும் கேட்கவில்லை. நான் அவள் கணுக்காலைப் பிடித்துக்கொண்டேன். சுவர் சரிந்தால் இழுத்துவிடலாம் என்ற நினைப்பு. உண்மையில் எதையாவது பிடித்துக்கொள்ளாமல் என்னால் நிற்க முடியவில்லை.

அவளைப் பார்த்த மண்டுவுக்கு என்ன தோன்றியதோ, பக்கத்தில் வந்தது. அவள் கையை எடுத்ததும் கயிற்றின் ஒரு முனையை இடுக்குக்குள் மூக்கால் தள்ளிவிட்டது. மறுமுனையைக் கவ்விக்கொண்டு காத்திருந்தது. வாலை ஆட்டியது. உள்ளே இருக்கிறவர்கள் இழுப்பார்கள், எப்போதும் இழுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.

கயிறு அசைந்தது. பிறகு விறைத்தது. மண்டு காலை ஊன்றிக்கொண்டு செல்லமாக உறுமி இழுத்தது. உள்ளேயிருந்து யாரோ இழுத்தார்கள்.

இன்ஜினியர்தான் முதலில் தலைக்கவசத்தைச் சரிசெய்துகொண்டு மண்டிபோட்டார். இயந்திரம் வேண்டாம் என்று கையாலேயே கல்லை எடுத்தார்கள். வெளிச்சம் போவதற்குள் ஒரு இளம்பெண்ணை வெளியே கொண்டுவந்தார்கள். அந்தத் தையல் கூடத்துக்காரி. வெளிச்சம் கூசாமல் கண்ணைக் கட்டி ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்தபோதும் கயிற்றை விடவில்லை, விரலைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. அவளுக்கு அந்தப் பக்கம் அவளுடைய அண்ணன் இருந்தான். அவன் கால்மேல் உத்தரம் கிடந்தது. அவனுக்கு உயிர் இல்லை.

ஊர் கொண்டாடியது. மண்டுவின் படம் பத்திரிகையில் வந்தது, பக்கத்தில் நின்ற என்னைப் பாதி வெட்டிவிட்டார்கள். அக்காவுக்கு மட்டும் அன்றிலிருந்து ஒரே கேள்வி. நாய் முதலில் குரைத்தபோது அந்த அண்ணன் உயிரோடு இருந்தானா? மருத்துவரைத் தேடிப்போய்க் கேட்டாள், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். தலைவரைக் கேட்டாள், என்னைக் கேட்டாள். கட்டடம் விழுந்த அன்றைக்கே போயிருப்பான், சும்மா மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே என்று மாமா தினமும் சொன்னார். சாப்பிடும்போது சொன்னார், குளியலறைக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சொன்னார். சொல்லிச் சொல்லி அவள் கொஞ்சம் தூங்க ஆரம்பித்தாள். அதற்குப் பிறகும் சில வருஷம் வேலை பார்த்தாள். நான் ஒளிந்தால், நாய் என் முகத்தை நக்கியதா என்று என் வாயால் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் அந்த இடத்தை விட்டு நகர மாட்டாள். மண்டுவுக்கு மூக்கைச் சுற்றி நரைத்தது, இடுப்பு பிடித்துக்கொண்டது. வேலையிலிருந்து விடுவித்து வீட்டுக்கே கொடுத்துவிட்டார்கள். கண்ணாடிக் கடை மேசைக்கு அடியில் படுத்துக்கொண்டு வாடிக்கையாளர் செருப்பை முகர்வதுதான் அதன் பிற்கால உத்தியோகம்.

போன மாதம் அந்தத் தையல்காரப் பெண் வந்தாள், நாயைப் பார்க்க வேண்டும் என்று. ஒரு கால் சற்று இழுக்கிறது, மற்றபடி நன்றாக இருக்கிறாள். மண்டுவுக்குத் தானே தைத்த மெத்தை ஒன்று கொண்டுவந்திருந்தாள். தரையில் உட்கார்ந்து அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். மாமா டீ போட்டார். எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தோம். அவள்தான் சாதாரணமாக ஆரம்பித்தாள்.

"இது குலைச்சதை அண்ணன்தான் முதல்ல கேட்டான். நாய் குலைக்குது, ஆள் வந்துட்டாங்கடின்னான். அப்புறம் நீங்கல்லாம் கை தட்டுனீங்க. எங்களைக் கண்டுபிடிச்சதுக்குத்தான் தட்டுறாங்கன்னு ரெண்டு பேரும் சிரிச்சோம்."

மாமா தம்ளரைக் கீழே வைத்தார். நான் அக்காவைப் பார்க்கத் தைரியமில்லாமல் நாயைப் பார்த்தேன்.

"வெளிய வான்னு கூப்பிட்டது உங்க குரல்தானேக்கா? கால் மாட்டிக்கிச்சு, வர முடியலன்னு அண்ணன் எவ்வளவு கத்தினான் தெரியுமா? உங்களுக்குக் கேக்கவே இல்லையா?"

அவள் குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அக்கா எழுந்து போய் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கேக்கலம்மா" என்றாள். "நாய் சந்தோஷமா இருக்கட்டும்னு அதைத் தூக்கிக்கிட்டு ஓடிட்டிருந்தேன்."